அன்னபூர்ணா அடிவார முகாம், ஐப்பசி நடைப்பயணம்: நண்பர்கள் கூடி எடுத்த முடிவு சரியா?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை; அதே ஐப்பசியில் நேபாளத்து மலைகளிலோ பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலத் துலங்கியிருக்கும். அந்தத் தெளிவை நம்பி, கல்லூரிக் காலம் முதல் பிரியாத நண்பர்கள் ஐந்து பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், சென்ற அக்டோபரில் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு நடந்து போய்த் திரும்பினோம். படங்களைப் போட்டுப் பெருமை பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. நான்காம் நாள் மதியம் நாங்கள் எடுத்த ஒரு முடிவு சரியா தவறா என்ற வழக்கு, ஊர் திரும்பி ஒரு மாதமாகியும் எங்களுக்குள் தீரவில்லை. மலையில் நடந்து பழகியவர்கள் இங்கே பலர் இருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொக்காராவிலிருந்து ஜீப்பில் போய், ஜினுவுக்கு முன்னால் மோதி ஆற்றின் மேல் கட்டியுள்ள 287 மீட்டர் நீளத் தொங்குபாலத்தைக் கடந்து, முதல் இரவு சோம்ரோங்கில் தங்கினோம். உயரம் 2,170 மீட்டர். இரண்டாம் இரவு தோவனில், ஏறத்தாழ 2,600 மீட்டர். மூன்றாம் இரவு தேவ்ராலியில், 3,230 மீட்டர். நான்காம் நாள் மச்சபுச்சரே அடிவார முகாமைத் தாண்டி (3,700 மீட்டர்) அன்னபூர்ணா அடிவார முகாமை (4,130 மீட்டர்) அடைவது என்பது திட்டம். எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் ஏறத்தாழ இதே அட்டவணையைத்தான் நீட்டுகிறார்கள்.

சோம்ரோங்கில் ஊரின் உச்சியிலிருந்து ஆற்றுப் பாலம் வரை கற்படிகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. இறங்கிய கடனை எதிர்க்கரையில் சினுவாவுக்கு ஏறி வட்டியோடு அடைக்க வேண்டும். படிகளின் இரு பக்கமும் அடுக்கு வயல்களில் நெல் பழுத்துச் சாய்ந்திருந்தது. அதற்கு மேலே கேழ்வரகு. கதிர் உள்ளங்கையை மூடினாற்போல மடங்கி, நம் ஊர்க் கேழ்வரகு போலவே இருந்தது. தசைன் பண்டிகைக்காக நான்கு பெருமூங்கில்களை வளைத்துக் கட்டிய ஊஞ்சல் ஒன்றில் பிள்ளைகள் எங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கெல்லாம் ஐந்து பேரும் பாட்டும் கேலியுமாகவே நடந்தோம். பாம்பூ என்ற இடத்துப் பெயர்ப்பலகையைப் பாம்பு என்று வாசித்து ஒருவன் துள்ளியதற்கு அரை மணி நேரம் சிரித்தோம்.

நான்காம் நாள் நண்பகல் மச்சபுச்சரே முகாமில் சாப்பிட உட்கார்ந்தபோது எங்கள் வழிகாட்டி, "இன்று இரவு இங்கேயே தங்குவோம், நாளை விடியலுக்கு முன் மேலே போவோம்" என்றார். காரணம் கேட்டதற்கு, எங்களில் ஒருவன் பூண்டு சூப்பைப் பாதிக் கிண்ணம் மிச்சம் வைத்ததை மட்டும் சுட்டிக்காட்டினார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காத்மாண்டுவிலிருந்து திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாள்கூட மிச்சமில்லாமல் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். மேலேயே தங்கினால்தான் சூரிய உதயத்தை நிதானமாகப் பார்க்க முடியும் என்றும் நினைத்தோம். கை தூக்கச் சொன்னேன். ஐந்து கைகளும் மேலே போவதற்கே உயர்ந்தன. முதலில் உயர்ந்தது, சூப்பை மிச்சம் வைத்தவனுடைய கை.

அன்று இரவு பதினொரு மணிக்கு அவன் வாந்தி எடுத்தான். நள்ளிரவில் மறுபடியும் எடுத்தான். கழிவறைக்குப் போனவன் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பியதைப் பார்த்த வழிகாட்டி, சாப்பாட்டு அறைக்கு அவனை அழைத்துவந்து, தரைப்பலகையின் இணைப்புக் கோட்டின்மேல் குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவன் கோட்டைவிட்டுச் சாய்ந்தான். "விடியும்வரை காத்திருக்க முடியாது, இப்போதே இறங்குகிறோம்" என்றார். வழிகாட்டி முன்னால், அவன் நடுவில், நான் பின்னால், தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு மணிக்குப் புறப்பட்டு, மச்சபுச்சரே முகாமுக்கு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். அறை எதுவும் இல்லை. சாப்பாட்டு அறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் தேவ்ராலிக்கு இறங்கினோம். பத்து மணிக்கு அவனாகவே தேநீர் கேட்டான். மேலே இருந்த மூவரும் உதயத்தைப் பார்த்துவிட்டு மதியம் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது வழக்கு இதுதான். எல்லோரும் ஒப்புக்கொண்டு எடுத்த முடிவு, யாரையும் வற்புறுத்தவில்லை என்கிறார்கள் இருவர். வழிகாட்டி சொன்ன பிறகு கை தூக்கச் சொன்னதே தவறு என்கிறான் இன்னொருவன். அடுத்த அக்டோபரிலும் இதே ஐவர் போவதாக இருக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

ஊசியிலை எழுதியது:

நொய்யல் அவர்களுக்கு வணக்கம். நான் மருத்துவத் தொழிலில் இருப்பவன். விடுமுறைகளில் இமயமலைப் பக்கம் நடப்பவன். உங்கள் வழிகாட்டிக்கு முதலில் ஒரு கும்பிடு. அவர் செய்யச் சொன்ன கோட்டு நடை வெறும் நாட்டுச் சோதனை அன்று. உயரத்தில் மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் கெடுவது உடலின் சமநிலை. அதை உபகரணம் எதுவும் இல்லாமல் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. தலைவலியும் குமட்டலும் மட்டும் இருந்தால் அது சாதாரண உயரநோய். அங்கேயே ஓய்வெடுத்து, மேலே ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். நடை தள்ளாடிவிட்டால் கணக்கே வேறு. அப்போது உடனே இறங்குவதே முதன்மையான வைத்தியம்; இரவில் ஹெலிகாப்டர் வராது. தேவ்ராலிவரை தொள்ளாயிரம் மீட்டர் இறங்கியதும் அவர் தெளிந்தார் என்றால் சரியான நேரத்தில் இறங்கியிருக்கிறீர்கள்.

இனி அட்டவணைக்கு வருவோம். மூவாயிரம் மீட்டருக்கு மேல், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரம் கூடக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் நிற்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அவ்வளவு கேடில்லை, தூங்கும் உயரமே முக்கியம். தேவ்ராலியில் தூங்கி மறுநாள் அன்னபூர்ணா முகாமில் தூங்கினால் ஒரே நாளில் 900 மீட்டர் கூடுகிறது. மச்சபுச்சரே முகாமில் தூங்கியிருந்தால் 470. உங்கள் வழிகாட்டி சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னது இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இன்னொன்று. நம் ஊரில் மலை ஏறிப் பழகியதால் உடம்பு பழகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். நீங்கள் மூன்றாம் நாள் தோவனைவிட்டு நடந்து சற்று நேரத்திலேயே தென்னாட்டின் எல்லாச் சிகரங்களையும் தாண்டிவிட்டீர்கள். அதற்கு மேல் உங்கள் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இங்கே சோதனைச் சாலையே கிடையாது. 4,130 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவரும் அங்கே படுக்கலாம், தொந்தி வைத்தவரும் நன்றாக இருக்கலாம்.

தடாகம் எழுதியது:

மருத்துவரின் சொற்களில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் 2019இல் இதே நான்கு நாள் அட்டவணையில் போனேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர், ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போய் வருகிறார்கள். ஒருவர் வாந்தி எடுத்ததற்காக வழியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மிகை என்று தோன்றுகிறது. ஐந்து பேரும் வயது வந்தவர்கள், கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள்.

ஊசியிலை எழுதியது:

தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டி வீடு சேர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், தடாகம் அவர்களே.

பேவாக்கரை எழுதியது:

நான் பொக்காராவில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரன். அக்டோபரில் ஏரிக்கரையில் நடந்தால் தமிழ் காதில் விழாத நாள் குறைவு. அதனால் இந்தக் கதையின் வேறு வேறு வடிவங்களை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன்.

இந்த அட்டவணை ஏன் இப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். உடலுக்கு ஏற்றதென்று யாரும் அதை வகுக்கவில்லை. நிறுவனங்கள் நாள்கணக்கில்தான் போட்டி போடுகின்றன. ஒன்பது நாள் என்று ஒருவர் விலை சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் ஏழு நாள் என்பார், வாடிக்கையாளர் ஏழு நாளைத்தான் எடுப்பார். இரண்டாவது காரணம் அறைகள். சோம்ரோங்குக்கு மேலே விடுதிகள் எண்ணிக்கையில் குறைவு. மச்சபுச்சரே முகாமில் விரல்விட்டு எண்ணிவிடலாம். தசைனுக்கும், நம் தீபாவளியை ஒட்டி வரும் திகார் பண்டிகைக்கும் நடுவே உள்ள நாட்களில் உலகமே அங்கே வந்து நிற்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் போனால் சாப்பாட்டு அறைப் பெஞ்சுதான் கிடைக்கும், நொய்யல் உட்கார்ந்ததைப்போல. அந்தப் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. மச்சபுச்சரே என்றால் மீன்வால். மச்சம் நமக்கும் மீன்தானே. 6,993 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் 1957இல் ஏறப் போன பிரிட்டிஷ் குழு உச்சிக்கு ஏறத்தாழ ஐம்பது மீட்டர் கீழேயே நின்று திரும்பியது. பிறகு ஏறுவதற்கு அனுமதியே இல்லை. ஆகவே அது அடிவார முகாம் என்று பெயர் பெற்றிருந்தாலும், அங்கிருந்து யாரும் அந்தச் சிகரத்துக்குக் கிளம்புவதில்லை. நடந்து வருகிறவர்கள் ஓர் இரவு மூச்சு வாங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வழிகாட்டியின் வருமானத்தில் கணிசமான பகுதி நீங்கள் கடைசி நாளில் கையில் வைக்கும் அன்பளிப்பு. ஐந்து பேர் ஒருமித்துக் கை தூக்கியபின் "முடியாது" என்று சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஒருமுறை சொன்னார், அதுவே பெரிது. பலர் அந்த ஒருமுறையும் சொல்ல மாட்டார்கள்.

நான் தெரிந்தவர்களுக்குச் சொல்லும் வரிசை இது: சோம்ரோங், பாம்பூ, ஹிமாலயா, தேவ்ராலி, மச்சபுச்சரே முகாம். ஆறாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு வெறும் கையோடு மேலே நடந்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அன்னபூர்ணா முகாம். 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா முதல் சிகரத்தின் தெற்குச் சுவர்மேல் வெயில் இறங்குவதை ஆசைதீரப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பின் இறங்கிவிடலாம். உதயத்தைப் பார்க்க அங்கே தூங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

கேழ்வரகு பற்றி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அதை இங்கே கோதோ என்பார்கள்; மாவைக் கொதிநீரில் கிளறி டீடோ என்று தருவார்கள், நம் களியேதான். அடுத்த முறை பீட்சா கேட்காமல் அதைக் கேளுங்கள்.

குறிஞ்சிநிலவன் எழுதியது:

இழை உயரநோயைச் சுற்றியே போகிறது. நான் நாட்கணக்கைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இரண்டும் ஒன்றில்தான் போய் முடியும்.

அக்டோபரில் வானம் தெளிவு என்று நொய்யல் எழுதியிருக்கிறார். பெரும்பாலான ஆண்டுகளில் அது உண்மை. 2014ஆம் ஆண்டு அக்டோபரில் நான் சோம்ரோங்கில் இருந்தேன். 12ஆம் தேதி ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது; வீட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள், அதற்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுக்கொண்டு மேலே நடக்க ஆயத்தமானேன். 14ஆம் தேதி அந்தப் புயலின் மிச்சம் நேபாளத்தின் மேல் வந்து நின்றது. எங்களுக்கு நாள் முழுவதும் மழை. மலைக்கு அந்தப்பக்கம், 5,416 மீட்டர் உயரத் தொரோங் கணவாயில், அது பனிப்புயலாக விழுந்து, அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; வெளிநாட்டு நடைப்பயணிகளும் அவர்களோடு நடந்த நேபாளத்து வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அதில் உண்டு. முதல் நாள்வரை அங்கும் நல்ல வானம்தான். 2021இல் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் நீரில் மூழ்கி, நேபாளம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நம் கடலில் ஐப்பசியில் உருவாகும் புயல் ஆந்திரத்திலோ ஒடிசாவிலோ ஏறி, வலுவிழந்தாலும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே போனால், அந்த ஈரத்தை இறக்கி வைக்கும் சுவர் இமயமலைதான். ஆகவே அக்டோபரில் அங்கே போகிறவர்கள் நேபாளத்து வானிலையைப் பார்ப்பது போதாது. வங்கக் கடலையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களாகிய நாம் அதை எப்படியும் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2014இல் எங்களுக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது, சோம்ரோங்கிலேயே உட்கார்ந்து சீட்டாடினோம். மிச்சம் இல்லாதவர்கள் மழையில் குடையோடு மேலே போனதைப் பார்த்தேன். நொய்யல், உங்கள் வழக்கில் என் தீர்ப்பு இது: நீங்கள் தவறிழைத்தது மச்சபுச்சரே முகாமில் கை தூக்கச் சொன்னபோதன்று, கோவையில் உட்கார்ந்து பயணச்சீட்டு எடுத்தபோது. நாள் மிச்சம் இருந்திருந்தால் வழிகாட்டி சொன்னதும் தலையாட்டியிருப்பீர்கள்.

தடாகம் எழுதியது:

குறிஞ்சிநிலவன் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லோராலும் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுக்க முடியாது. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவனுக்கு ஆயுதபூசை விடுமுறையோடு சேர்த்து ஒன்பது நாள் கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஒருவருக்கு முடியவில்லை என்பதற்காக மற்ற நால்வரும் ஆண்டுமுழுதும் சேர்த்த பணத்தையும் விடுப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. குழுவைப் பிரிக்கலாம் அல்லவா? முடிந்தவர்கள் மேலே, முடியாதவர் கீழே.

மிளகுக்கொடி எழுதியது:

பிரிக்கலாம், தடாகம் அண்ணா, ஆனால் அதற்கு இரண்டாவது வழிகாட்டியோ உதவியாளரோ வேண்டும். ஒரே வழிகாட்டியோடு ஐந்து பேர் போனால் அவர் யாரோடு இருப்பார்? நொய்யல் அவர்களின் குழுவில் அன்று இரவு அவர் நோயாளியோடு இறங்கியபோது மேலே மூவர் வழிகாட்டி இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களில் இன்னொருவர் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லையே. நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து போனபோது வழிகாட்டி ஒருவர், உதவி வழிகாட்டி ஒருவர் என்று வைத்துக்கொண்டோம். தலைக்குப் பார்த்தால் பெரிய தொகை ஆகவில்லை. எங்களில் ஒருத்தி தேவ்ராலியிலேயே நின்றுவிட்டாள். உதவியாளர் அவளோடு இருந்தார், நாங்கள் ஐவர் போய் வந்தோம். யாருக்கும் குறை இல்லை.

ஆனால் எனக்கு இதைப் படித்ததிலிருந்து உறுத்துவது வேறு. "யாரையும் வற்புறுத்தவில்லை" என்கிறார்கள். நண்பர்கள் கூட்டத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கை தூக்கு என்றால் எந்த மனிதர்தான் தூக்காமல் இருப்பார்? ஆண்கள் கூட்டத்தில் இது இன்னும் மோசம் என்பது என் அனுபவம். என் கணவர் கால் நகம் பெயர்ந்ததை மூன்று நாள் மறைத்தவர். "யாருக்காவது முடியவில்லையா?" என்று கேட்டால் ஒருபோதும் விடை வராது. எங்கள் உதவி வழிகாட்டி தினமும் காலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்: இரவு தூங்கினீர்களா, எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள், தலை எப்படி இருக்கிறது, மாத்திரை ஏதாவது போட்டீர்களா. பதிலைச் சிறு நோட்டில் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு யாரும் கை தூக்கவே வேண்டியிருக்கவில்லை. நோட்டைப் பார்த்து அவர் சொல்வார், நாங்கள் நடப்போம்.

ஊசியிலை எழுதியது:

சகோதரி மிளகுக்கொடி சொன்ன நான்கு கேள்விகளுக்கு மேல் ஒரு மருத்துவனும் கேட்க மாட்டான். பலர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்புகிறார்கள். குளிரில் விரல் விறைத்திருந்தால் அது கண்டதைக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றித் தனிமடலில் இருவர் கேட்டார்கள். ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் இரு வேளை என்பது தடுப்புக்கான வழக்கமான அளவு. விரல் நுனிகள் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் தங்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடக் கூடாது. அந்த மாத்திரை உடலின் பழக்கத்தை விரைவுபடுத்தும். 900 மீட்டரை 470 ஆக்கிவிடாது.

ஐந்தாமவன் எழுதியது:

இந்த இழைக்காகவே இன்று கணக்குத் தொடங்கினேன். சூப்பை மிச்சம் வைத்தவன் நான்.

நொய்யல் எழுதியதில் ஒன்று அவனுக்கே தெரியாது. தலைவலி மேலே போய் வரவில்லை. தேவ்ராலியில் மூன்றாம் இரவே வந்துவிட்டது. இருமுறை பாராசிட்டமால் போட்டேன். ஒன்று இரவில், இன்னொன்று காலையில் பல் துலக்கப் போன இடத்தில், யாரும் பார்க்காமல். மச்சபுச்சரே முகாமில் உட்கார்ந்தபோது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல இருந்தது. வழிகாட்டி என் கிண்ணத்தைப் பார்த்ததை நானும் பார்த்தேன். அதனால்தான் முதலில் கை தூக்கினேன்.

ஏன் என்று மிளகுக்கொடி அவர்கள் ஓரளவு சொல்லிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். கல்லூரி மூன்றாம் ஆண்டில் நாங்கள் இதே ஐந்து பேர் வெள்ளியங்கிரி ஏறினோம். ஐந்தாம் மலையில் என்னால் முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். எனக்காக எல்லோரும் இரண்டு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் ஏழாம் மலை ஏறாமலே இறங்கினார்கள். அன்று யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக எந்தத் திருமணத்தில் கூடினாலும், எந்தப் பிள்ளையின் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும், அந்தக் கதை இலை போட்டவுடன் வந்துவிடும். நானும் சேர்ந்து சிரிப்பேன். மச்சபுச்சரே முகாமில் என் மனத்தில் இருந்தது உயரமும் அன்று, உதயமும் அன்று. இன்னொரு ஐந்தாம் மலை வேண்டாம் என்பது மட்டும்தான்.

இரவில் இறங்கும்போது எனக்குப் பாதி நினைவில்லை. முன்னால் வழிகாட்டியின் காலணியின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளிப்பட்டை விளக்கொளியில் மினுங்கியது. அதைத் தவிர வேறெங்கும் பார்க்காதே என்று நொய்யல் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். அதைத்தான் பார்த்தேன். நண்பர்கள்மேல் எனக்குக் குறை இல்லை, அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

ஊசியிலை எழுதியது:

எழுதியதற்கு நன்றி. தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டதில் பிழை இல்லை, மலையில் எல்லோரும் போடுவதுதான். போட்டதைச் சொல்லாததுதான் பிழை. மாத்திரை வலியை அடக்கிவிடும், நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அடுத்த முறை உயரத்துக்குப் போகுமுன் ஒரு மருத்துவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்கு அதே வேகத்தில் ஏறினால் மறுபடியும் வர வாய்ப்பு மிகுதி. மெல்ல ஏறினால் பெரும்பாலும் போய் வரலாம்.

தடாகம் எழுதியது:

ஐந்தாமவன் அவர்களே, நான் முதலில் எழுதிய பதிவில் "கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள்" என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விடுப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை. அது என் மேலாளரிடம்தான் இருக்கிறது.

நொய்யல் எழுதியது:

இரண்டு நாளாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். வெள்ளியங்கிரிக் கதையை அதிகம் சொன்னவன் நான்தான். அதை நன்றாக நடித்துக் காட்டுவேன் என்று பெயர் வேறு. நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன், பேசினோம். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பயணத்தைப் பற்றி முடிவானவற்றை மட்டும் சொல்கிறேன். அடுத்த அக்டோபரில் பேவாக்கரை சொன்ன வரிசையிலேயே போகிறோம். இரண்டு நாள் வெறுமனே மிச்சம் வைத்துத்தான் விமானச்சீட்டு எடுக்கப் போகிறோம். அதற்காக ஒருவன் விடுப்பைக் கடன் வாங்குகிறான், இன்னொருவன் பொக்காராவில் ஏரியைப் பார்க்கும் நாளை விட்டுக்கொடுக்கிறான். உதவி வழிகாட்டி ஒருவரும் உண்டு. நோட்டு வாங்கியாயிற்று.

பழைய வழிகாட்டியையே தொலைபேசியில் பிடித்தேன். நான் தேதியைச் சொல்லி முடிக்குமுன், சூப்பை மிச்சம் வைத்தவர் வருகிறாரா என்று கேட்டார். வருகிறார் என்றேன். அப்படியானால் மச்சபுச்சரே முகாமில் ஓர் இரவுக்குப் பதில் இரண்டு இரவுக்கு அறை சொல்லிவைக்கிறேன் என்றார். சரி என்றேன். இம்முறை யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை.